கணினி அங்கே, கை இங்கே

பகலெல்லாம் திருநெல்வேலியில் தம் வீட்டு மாடியறையில் அமர்ந்து, சென்னையில் அலுவலக மேசைமேல் ஆளின்றி இருக்கும் கணினியை இயக்கிக் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர், இரவு உணவுக்குப் பின் அதே இணைய இணைப்பில் குடும்பத்தோடு திரைப்படம் பார்ப்பது வழக்கம். ஒருமுறை நான் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது இரண்டையும் அருகிருந்து கவனிக்க நேர்ந்தது. இரவில் படம் தங்குதடையின்றி ஓடிற்று. பகலிலோ, கணக்குத் தாளை அவர் நாலு வரி கீழே உருட்டியதும் திரை கட்டம் கட்டமாகப் பிளந்து, சற்றே தயங்கி, பிறகு மெல்ல ஒட்டிக்கொண்டது. "நூறு பேர் ஓடி ஆடுற படம் ஒழுங்கா வருது. அசையாம நிக்கிற நாலு கட்டம் வர்றதுக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று அவர் கேட்டார்.

நியாயமான சந்தேகம். தொலைவிலுள்ள கணினியை நம் திரையில் வரவழைத்து வேலை செய்யும் எவருக்கும் ஒருநாள் இது தோன்றாமல் இராது. இவ்வகை மென்பொருளைத் தொழிலில் இருப்பவர்கள் ரிமோட் டெஸ்க்டாப் என்பார்கள். நாம் இங்கே தொலைமேசை என்று வைத்துக்கொள்வோம். அதில் செட்டிங்ஸ் என்ற பகுதியைத் திறந்தால் நிறம், பின்னணி, ஒலி, விசைப்பலகை என்று பல கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன; அவற்றைப் பெரும்பாலோர் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். நண்பரின் கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதி அந்தக் கட்டங்களுக்குள்ளேதான் இருக்கிறது.

முடிந்துபோன படமும் பிறவாத படமும்

திரைப்படம் என்பது என்றோ எடுத்து முடிக்கப்பட்ட பொருள். அதன் அடுத்த நிமிஷத்தில் என்ன வரும் என்பதை அனுப்புகிற இடம் அறியும். ஆகையால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சிக்குப் பின்வரும் காட்சிகளை முன்கூட்டியே அனுப்பி நம் கருவியில் சேமித்து வைக்கிறது. வழியில் இணைப்பு ஒரு விநாடி இளைத்தாலும், சேமிப்பு அதை ஈடுகட்டிவிடுவதால், நாம் எதையும் உணர்வதில்லை.

தொலைமேசையின் அடுத்த காட்சியோ இன்னும் பிறக்கவேயில்லை. நண்பரின் விரல் அசைந்து, அந்த அசைவு சென்னை போய்ச் சேர்ந்து, அங்குள்ள யந்திரம் அதற்கு இணங்கித் தன் திரையை மாற்றிய பிறகே அனுப்புவதற்கு ஒரு படம் உண்டாகிறது. விரலுக்கு முன்னே ஓடி எதையும் சேமித்து வைக்க முடியாது. எனவே ஒவ்வொரு செய்கைக்கும் இரண்டு பிரயாணங்கள்: போகும்போது விரலின் செய்தி, வரும்போது திரையின் பிம்பம். போவது மிகச் சிறியது. வருவது மிகப் பெரியது.

இந்த ஏற்றத்தாழ்வு தொலைமேசையோடு கூடவே பிறந்தது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அறிஞர், ஒரு பெரிய சபையின் முன் அமர்ந்து, ஏறத்தாழ 48 கிலோமீட்டருக்கு அப்பால் மென்லோ பார்க்கில் இருந்த கணினியைத் தொண்ணூறு நிமிஷம் இயக்கிக் காட்டினார். மவுஸ் என்ற சாதனத்தை உலகம் பொதுமேடையில் பார்த்ததும் அன்றுதான். அவருடைய கையசைவுகளைக் கொண்டுசெல்ல, விநாடிக்கு 1,200 பிட் மட்டுமே செல்லக்கூடிய ஒரு தொலைபேசிக் கம்பி போதுமானதாக இருந்தது. திரையின் பிம்பத்தைக் கொண்டுவருவதற்கோ தொலைக்காட்சிக்குரிய நுண்ணலை இணைப்பை ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. இன்று இரண்டும் ஒரே கம்பியில் வருகின்றன. ஆனால் ஒன்று எறும்பு, மற்றது யானை என்ற நிலை மாறவில்லை.

ஒரு திரையின் எடை

யானையின் எடையைக் கணக்கிட்டுப் பார்த்துவிடுவோம். நண்பரின் மடிக்கணினித் திரையில் குறுக்கே 1,366 புள்ளிகளும் நெடுக்கே 768 புள்ளிகளும் இருக்கின்றன. பெருக்கினால் 10,49,088 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்வதற்கு, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் வீதம் 3 பைட் வேண்டும். ஆக, அசையாமல் நிற்கும் ஒரே ஒரு திரையின் எடை 31,47,264 பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் இரண்டரைக் கோடி பிட்டுக்குச் சற்று மேல்.

நண்பரின் வீட்டு இணைப்பில் விநாடிக்கு 40 லட்சம் பிட் வரும் என்று கொள்வோம். திரையை உள்ளபடியே அனுப்பினால், ஒரு தடவை அது வந்துசேர 6 விநாடிக்கும் அதிகமாகும். விநாடிக்கு 30 தடவை மாறும் காட்சியாக அனுப்புவதென்றால் விநாடிக்கு 75 கோடி பிட்டுக்கு மேல் வேண்டும். இப்படியிருக்கத் தொலைமேசை ஓரளவேனும் நடக்கிறதே என்பதுதான் உண்மையில் வியப்புக்குரியது.

மாறியதை மட்டும் சொல்

அது எப்படி நடக்கிறது என்பதை அறிய, உள்ளே நடப்பதை யாரும் படித்துப் பார்க்கும்படி வெளியிடப்பட்ட ஒரு முறையை எடுத்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஆலிவெட்டி நிறுவனம் ஏற்படுத்திய ஆராய்ச்சிச் சாலையில் ட்ரிஸ்டன் ரிச்சர்ட்சன், குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃபிரேசர், கென்னத் வுட், ஆன்டி ஹாப்பர் ஆகியோர் உருவாக்கி, 1998இல் கட்டுரையாக எழுதி விளக்கிய வி.என்.சி. என்ற முறை அது. அதே ஆண்டில் மைக்ரோஸாஃப்ட் நிறுவனமும் தன் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வரோடு தனக்கென ஒரு முறையை வெளியிட்டது. நண்பர் பயன்படுத்துவது அதன் வழிவந்த ரிமோட் டெஸ்க்டாப். இரண்டின் உள் விவரங்கள் வேறு வேறு. ஆனால் அடிப்படை யோசனையில் இரண்டும் உறவினர்.

அந்த யோசனை இதுதான்: முழுத் திரையையும் ஒரு தடவை அனுப்பியபின், அதில் எந்தச் செவ்வகம் மாறியதோ அதை மட்டும் அனுப்பினால் போதும். கணக்குத் தாளில் நண்பர் ஓர் எண்ணைத் தட்டினால், அகலத்தில் 10, உயரத்தில் 20 புள்ளிகள் உள்ள சிறு துண்டு மாறுகிறது. 200 புள்ளிகள், 600 பைட். இரண்டரைக் கோடி பிட் எங்கே, இந்த 4,800 பிட் எங்கே!

இதனினும் அழகானது நகர்த்தலைக் கையாளும் விதம். 800க்கு 600 புள்ளிகள் கொண்ட ஒரு சன்னலைத் திரையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு இழுக்கிறோம். அதிலுள்ள 4,80,000 புள்ளிகளும் இடம் மாறிவிட்டன; உள்ளபடி அனுப்பினால் 14,40,000 பைட். ஆனால் அந்தப் புள்ளிகளெல்லாம் நம் திரையில் முன்பே வந்து இருக்கின்றனவே! ஆகையால் வி.என்.சி. சொல்வது, "உன்னிடம் இன்ன இடத்தில் உள்ள செவ்வகத்தை எடுத்து இன்ன இடத்தில் வை" என்ற ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தின் நீளம் 16 பைட். பழைய இடத்தில் வெளிப்படும் பகுதியை மட்டும் தனியே அனுப்பினால் காரியம் முடிந்தது. தாளை உருட்டும்போதும் இதே உபாயந்தான். ஒரு நல்ல கணித நிரூபணத்தைப் படிக்கும்போது உண்டாகும் திருப்தி, இந்த 16 பைட்டை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு உண்டாயிற்று.

கேட்பவர் வைப்பதே சட்டம்

இனி நம் கட்டங்களுக்கு வருவோம். தொலைமேசையில் இரண்டு தரப்புகள் உண்டு. தொலைவில் இருந்து திரையைத் தருவது வழங்கும் கணினி. நம் கையருகே இருந்து அதைக் கேட்டுப் பெறுவது நாடும் கணினி. பின்னதைத்தான் கிளையன்ட் என்கிறார்கள். வலிமையெல்லாம் வழங்கும் கணினியிடம் இருப்பதால் அது வைத்ததே சட்டமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அப்படியில்லை. வி.என்.சி.யில் இணைப்பு ஏற்பட்டவுடன் நாடும் கணினி இரண்டு கோரிக்கைகளை வைக்கிறது: ஒரு புள்ளிக்கு எத்தனை பிட் வேண்டும் என்பது ஒன்று, படத்தைச் சுருக்கி எழுதும் முறைகளில் தனக்கு எவை தெரியும், எது முதலில் வேண்டும், எது அடுத்தது என்ற பட்டியல் மற்றொன்று. இந்தச் சுருக்கெழுத்தைக் குறிமுறை என்போம். அதற்குப் பிறகும், வழங்கும் கணினி தானாக எதையும் தள்ளிவிடுவதில்லை, "மாறியது ஏதேனும் உண்டா?" என்று நாம் கேட்கும்போதெல்லாம் விடை தருகிறது. நம் இணைப்பு மெதுவானால் நாம் கேட்பதும் மெதுவாகிறது. இடையில் திரை பத்துத் தடவை மாறியிருந்தாலும் கடைசி நிலை ஒன்றே நமக்கு வரும்.

ஆகவே செட்டிங்ஸ் பகுதியில் நாம் இடும் ஒவ்வொரு குறியும், தொலைவிலுள்ள யந்திரத்துக்கு நாம் எழுதும் விண்ணப்பத்தின் ஒரு வரி. விண்டோஸில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: அமைப்புகளைச் சேமித்தால் ஒரு சிறு கோப்பு உண்டாகிறது, அதை நோட்பேடில் திறந்தால், ஒவ்வொரு வரியிலும் ஒரு விருப்பத்தின் பெயர், அது எண்ணா சொல்லா என்று காட்டும் ஓர் எழுத்து, பிறகு அதன் மதிப்பு என்று தெளிவாக எழுதியிருக்கும். ஒலிக்குரிய வரியில் 0 இருந்தால் ஓசை இங்கே கேட்கும். 1 இருந்தால் அங்கேயே ஒலிக்கும். 2 இருந்தால் எங்கும் கேட்காது.

அருவிப் படமும் வெள்ளைத் தாளும்

நண்பரின் அலுவலகக் கணினியில் குற்றால அருவியின் புகைப்படம் பின்னணியாக இருந்தது. பின்னணியைக் காட்டாதே என்ற கட்டத்தை ஏன் முதலில் கவனிக்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது.

வி.என்.சி.யின் குறிமுறைகளில் ஒன்று, செவ்வகத்தை நெடுக்கும் குறுக்கும் 16 புள்ளிகள் கொண்ட சிறு ஓடுகளாகப் பிரிக்கிறது. ஓர் ஓட்டில் 256 புள்ளிகள். நம் கணக்கின்படி 768 பைட். ஆனால் ஓடு முழுவதும் ஒரே நிறமாக இருந்து, அந்த நிறம் முந்தைய ஓட்டின் பின்புல நிறமாகவும் இருந்துவிட்டால், "முன்போலவே" என்று பொருள்படும் ஒரே ஒரு பைட் போதும். நண்பரின் திரையில் குறுக்கே 86, நெடுக்கே 48, ஆக 4,128 ஓடுகள். வெறும் வெள்ளைப் பின்னணி முழுவதையும் அனுப்ப ஏறத்தாழ 4,128 பைட் போதும். அவர் இணைப்பில் அது ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. அருவியிலோ, நுரையின் ஒவ்வொரு துளியும் வேறு வேறு வெண்மை. பாறையின் ஒவ்வொரு அங்குலமும் வேறு வேறு பழுப்பு. எந்த ஓடும் அடுத்த ஓட்டைப் போல் இல்லை. சுருக்குவதற்கு எதுவும் இல்லாததால், முழு எடைக்கு நெருங்கியே அது பிரயாணம் செய்ய வேண்டும். அதுவும் ஒரு தடவையல்ல, கணக்குத் தாளைச் சுருக்கிப் பின்னணி வெளிப்படும் ஒவ்வொரு தடவையும். அனுப்பிய படங்களை நம் வட்டிலேயே சேமித்து வைக்கும் பட நினைவகம் என்ற கட்டத்தைத் தேர்ந்திருந்தால் இந்தச் சுமை பெரிதும் குறையும். எனினும் அருவியை நேரில் போய்ப் பார்ப்பதே மேல்.

அசைவுகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பட்டியல் ஒன்று மெல்ல மங்கி விரிவதற்குள் திரை பலமுறை மாறுகிறது; மெதுவான இணைப்பில் அந்த நடுநிலைகள் நமக்கு வந்துசேர்வதே இல்லை, அல்லது வந்து வழியை அடைக்கின்றன. அந்தக் கட்டத்தை எடுத்துவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

நிறத்தின் ஆழத்தை 24 பிட்டிலிருந்து 16 பிட்டாகக் குறைத்தால், உள்ளபடியே போகும் இடங்களில் எடை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மிஞ்சும் நிறங்கள் 65,536. கணக்கு எழுதுகிறவருக்கு அவை தாராளம். புகைப்படம் திருத்துகிறவருக்குப் போதா.

எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் கட்டம் விஷயத்தில் மட்டும், அதையும் எடுத்துவிடு என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைக்கு நான் இணங்குவதில்லை. மென்மையாக்குதல் என்பது, கறுப்பு எழுத்துக்கும் வெள்ளைத் தாளுக்கும் நடுவே இடைப்பட்ட நிறங்களைத் தூவிக் கரடுமுரடை மறைப்பது. அதனால் இரண்டே நிறமாக இருந்த ஓட்டில் பல நிறங்கள் புகுந்து எடை கூடுகிறது என்பது மெய். ஆனால் நேர்கோடுகள் மிகுந்த ரோமன் எழுத்தை அந்த மென்மை இல்லாதபோதும் பழுதின்றிப் படிக்கவல்ல கண், சுழிகளும் வளைவுகளும் நிறைந்த தமிழெழுத்தை அப்படிப் படிப்பதில்லை. சிறிய அளவில் 'ழ'வின் அடிச்சுழியும், 'ணை'யின் முன்னுள்ள இரட்டைச் சுழியும் மென்மையின்றி வந்தால் கறுப்புக் கறைகளாகிவிடுகின்றன. நாள் முழுவதும் தமிழில் வேலை செய்கிறவர், அருவியை விட்டுக்கொடுத்து எழுத்தை வைத்துக்கொள்வதே சரியான பேரம். நண்பருக்கு அப்படித்தான் அமைத்தோம்: பின்னணி இல்லை, அசைவு இல்லை, நிறம் 16 பிட், எழுத்து மென்மை உண்டு. தாள் உருளும்போது பிளப்பது நின்றது.

அகலம் வேறு, நீளம் வேறு

ஆயினும் ஒரு குறை மிஞ்சிற்று. விசையைத் தட்டியபின் எழுத்து தோன்றுவதற்குள் இன்னும் ஓர் இமைப்பொழுது இடைவெளி. இதற்கு எடை காரணமன்று.

விண்டோஸின் தொலைமேசையில் இணைப்பின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைப் பாருங்கள். விநாடிக்கு 2 முதல் 10 மெகாபிட் வரையுள்ள அகலப்பட்டை என்று ஒரு வரி உண்டு. 2 முதல் 16 மெகாபிட் வரையுள்ள செயற்கைக்கோள், அதிகத் தாமதத்துடன், என்று மற்றொரு வரியும் உண்டு. செயற்கைக்கோளின் எண் பெரிதாக இருக்க, அதைத் தாழ்ந்ததாக நடத்துவானேன்? வழியின் அகலம் வேறு, நீளம் வேறு என்பதே காரணம். அகலமான சாலையில் ஒரே நேரத்தில் பல வண்டிகள் போகலாம். அதனால் ஊர் கிட்டே வந்துவிடாது.

பூமியோடு சேர்ந்து சுழலும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. விரலின் செய்தி மேலே போய்க் கீழே இறங்க வேண்டும். பிம்பம் மீண்டும் மேலே போய்க் கீழே இறங்க வேண்டும். நான்கு தடவை அந்தத் தூரம், அதாவது 1,43,000 கிலோமீட்டருக்கு மேல். விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளியின் வேகத்திலும் இதற்கு ஏறக்குறைய அரை விநாடி வேண்டும். எந்தக் கட்டத்தைத் தேர்ந்தாலும் இந்த அரை விநாடியைக் குறைக்க முடியாது.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் நடுவே 600 கிலோமீட்டர் என்று கொண்டால், போய்வர 6 மில்லிவிநாடி, மனிதன் உணரக்கூடியதன்று. சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு 8,000 கிலோமீட்டருக்குக் குறையாது; போய்வரக் குறைந்தது 80 மில்லிவிநாடி, கடலடிக் கம்பிகள் வளைந்து செல்வதால் நடைமுறையில் இன்னும் அதிகம். நண்பர் உணர்ந்த இடைவெளி தூரத்தால் வந்ததன்று. வீட்டுக்குள் சுவர்களைத் தாண்டி மாடிக்கு வரும் வைஃபையால் வந்தது. கீழிருந்து ஒரு கம்பியை இழுத்து மடிக்கணினியில் செருகியதும் அது பெரும்பாலும் மறைந்தது.

குறைக்க முடியாத தாமதத்தை மறைப்பதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. மவுஸின் அம்பைத் தொலைவிலுள்ள திரையின் பகுதியாக அனுப்பாமல், அதன் வடிவத்தை மட்டும் ஒரு தடவை வாங்கிக்கொண்டு, நாடும் கணினியே தன் திரையில் அதை வரைந்துகொள்ளும்படி அமைக்கலாம். அப்போது அம்பு கையோடு ஒட்டி நடக்கிறது. அங்கே நடப்பது பின்னாலேயே வந்து சேர்கிறது.

திறந்த கதவுகள்

நம் வட்டையும் அச்சுப்பொறியையும் கிளிப்போர்டையும் தொலைவிலுள்ள யந்திரத்தோடு பகிரும் கட்டங்கள் வேகத்தைச் சேர்ந்தவையல்ல, நம்பிக்கையைச் சேர்ந்தவை. வட்டைப் பகிர்ந்தால் அங்குள்ள நிரல்கள் இங்குள்ள கோப்புகளைத் தொடலாம்; கிளிப்போர்டைப் பகிர்ந்தால், நாம் இங்கே நகலெடுத்த கடவுச்சொல்லும் அங்கே போகும். முழு நம்பிக்கை இல்லாத இடத்தில் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். வி.என்.சி.யின் தொடக்ககாலக் கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே பார்க்கும், அதற்குப்பின் செல்லும் பிம்பங்களையும் மறைப்பதில்லை என்பதையும், விண்டோஸ் தொலைமேசையில் கண்ட ஒரு பெரிய ஓட்டைக்காக 2019 மே மாதத்தில் மைக்ரோஸாஃப்ட், ஆதரவை என்றோ நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூடத் திருத்தம் வெளியிட்டது என்பதையும் நினைத்தால், இந்தக் கதவை நேரே இணையத்துக்குத் திறந்து வைக்காமல், அலுவலகங்கள் வி.பி.என். என்ற மறைவழிக்குள் வைப்பது ஏன் என்பது விளங்கும்.

தமிழ் எந்தப் பக்கம்?

நண்பரின் கடைசிச் சந்தேகம் விசைப்பலகையைப் பற்றியது: தமிழை இங்கே இயக்குவதா, அங்கே இயக்குவதா? விண்டோஸின் முறை பெரும்பாலும் விசையின் இடத்தைச் சொல்லி அனுப்புகிறது. நடு வரிசையில் ஆறாவது விசை அழுத்தப்பட்டது என்றால், அது ஆங்கில எச்சா, தமிழ்99 என்ற விசைப்பலகை முறையின் 'க'வா என்பதை அங்குள்ள கணினியின் விசைப்பலகை அமைப்பு நிர்ணயிக்கும். வி.என்.சி.யோ விசை குறிக்கும் எழுத்தையே அனுப்புகிறது. இங்கே தமிழ் இயங்கினால் 'க'வின் எண் போகும், ஆனால் அதற்குரிய விசையை அறியாத கணினி அங்கே இருந்தால் ஒன்றும் தோன்றாது. இரு பக்கமும் தமிழ் இயங்கினால் எழுத்துகள் குழம்பவும் கூடும். ஆதலால் இங்கே ஆங்கிலத்தை வைத்து, அங்கே தமிழ்99ஐ இயக்குவதே எளிய வழி.

அப்படி அமைத்து, வி.என்.சி. இணைப்பில் 'தமிழ்' என்று ஒரு சொல்லைத் தட்டுகிறோம். தமிழ்99இல் அதற்கு த, ம, இ, ழ, புள்ளி என்று ஐந்து விசைகள். ஒவ்வொன்றுக்கும் அழுத்தியதற்கு ஒரு செய்தி, விட்டதற்கு ஒரு செய்தி. ஒரு செய்திக்கு 8 பைட். ஆக 80 பைட் சென்னைக்குப் போகிறது. அங்கே 'ம' தோன்றி, மறுகணம் 'மி'யாகிறது. 'ழ' தோன்றி, தலையில் புள்ளி பெறுகிறது. அந்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு சிறு செவ்வகமாகத் திருநெல்வேலி மாடிக்குத் திரும்பி வருகிறது.